கீரையா, கீரைச் சாறா?

நேயர்களுக்கு வணக்கம். காலையில் வேலூர்க் கோட்டைப் பூங்காவில் என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர், போன மாதம் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உள்ளே கரும்பச்சையாகச் சாறு.

"மல்டிவைட்டமின் கீரை சார். பச்சையா அரைச்சு வடிகட்டினது. உடம்பு இளைக்குமாம். ஒரு மடக்கு குடிங்க."

"எத்தனை நாளா குடிக்கிறீங்க?"

"ரெண்டு வாரமா. கீரைதானே சார், என்ன பண்ணிடப் போவுது?"

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். இந்தக் கேள்வியை மாணவர்களும் கேட்பதுண்டு.

முதலில் சத்துக் கணக்கு. நமக்குப் பழகின முருங்கைக்கீரையையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை இலையில் புரதம் சுமார் 6.4 கிராம், கால்சியம் 314 மில்லிகிராம், இரும்பு நாலரை மில்லிகிராம். நல்ல கீரைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இலையில் முக்கால் பங்கு தண்ணீர். காயவைத்துப் பொடியாக்கினால் எல்லா எண்களும் நான்கு மடங்காகத் தெரியும். அந்தப் பொடியைப் பாலோடு ஒப்பிட்டு, "இத்தனை மடங்கு கால்சியம்" என்று டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். பொடியை யார் டம்ளர் கணக்கில் சாப்பிடுகிறார்கள்? ஒரு ஸ்பூன், அதாவது 5 கிராம் பொடி என்பது ஒரு சின்னப் பிடி இலை. அதில் கால்சியம் 60 மில்லிகிராம் சொச்சம். ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது அதைப்போல மூன்று மடங்கு. கேழ்வரகு அடையில் இரண்டு கைப்பிடி இலையைக் கிள்ளிப் போடுகிற நம் வீட்டுப் பெண்கள் இந்த டப்பாவைவிடக் கெட்டிக்காரர்கள்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். ஒரு கீரைச் சாறு பாதுகாப்பானதா என்று பார்க்கிற ஆய்வின் முதல் வேலை, செடி எது என்று தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்வது. மல்டிவைட்டமின் கீரை என்று நண்பர் குடித்தது தவசிக்கீரை. தவசிமுருங்கை என்று இன்னொரு செடி இருக்கிறது, அது வேறு. அப்புறம், எந்தத் திரவத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள் என்பது முக்கியம். ஆய்வகத்தில் பெரும்பாலும் மெத்தனால், எத்தனால் என்கிற ஆல்கஹால் வகைகள். மெத்தனாலில் இறங்குகிற பொருள் எல்லாம் தண்ணீரில் இறங்காது. அந்த முடிவை நம் கஷாயத்துக்குப் பொருத்த முடியாது.

சாற்றை வற்றவைத்தால் சத்து மட்டுமா அடர்த்தியாகும்? தெளித்த பூச்சிமருந்து, மண்ணிலிருந்து ஏறிய உலோகம் எல்லாமும் சேர்ந்தே அடர்த்தியாகலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து நேயர்களுக்கு, தோல் பதனிடும் கழிவில் வருகிற குரோமியத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால் உலோகப் பரிசோதனையும் செய்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் எலி. ஓ.இ.சி.டி. என்கிற சர்வதேச அமைப்பு வகுத்த, 423 என்ற எண்ணுள்ள வழிகாட்டி நெறி ஒன்று உண்டு. ஒரு கட்டத்துக்கு மூன்று எலிகள். உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம், தாங்கினால் 2000 என்று வாய்வழியாக ஒரே வேளை கொடுத்து, 14 நாள் பார்ப்பார்கள். எலி பிழைத்தால், "2000 வரை பாதுகாப்பானது" என்று விளம்பரம் வந்துவிடும். அது சொல்வதெல்லாம் ஒரே வேளையில் சாகவில்லை என்பதைத்தான். தினமும் குடித்தால் என்ன ஆகும் என்று தெரிய 28 நாள், 90 நாள் சோதனைகள் தனியாக உண்டு. அவற்றில் ரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

இந்த நாள் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இதே தவசிக்கீரைதான் சாட்சி. மலேசியாவில் முட்டையோடு வதக்கிக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள், ஒரு குறையுமில்லை. 1994-95-இல் தைவானில் உடம்பு இளைக்க அதைப் பச்சையாக அரைத்து, கொய்யாச் சாறு, அன்னாசிச் சாறு கலந்து, வாரக்கணக்கில் தினமும் குடித்தார்கள். தூக்கம் போனது, பசி போனது, அப்புறம் மூச்சு வாங்கியது. நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. பாதிக்கப்பட்டவர்கள் 200 பேருக்கும் மேல். சாற்றை நிறுத்திய பிறகும் அந்த அடைப்பு நீங்கவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை வரை போனது.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னதும் நண்பர் பாட்டிலை ஒருமுறை பார்த்தார். மூடியைத் திறந்து செடிக்கு ஊற்றினார். அன்றைக்கே மார்புநோய் மருத்துவரிடம் போய் ஊதிக் காட்டிவிட்டும் வந்தார், நல்லவேளை ஒன்றுமில்லை. அடுத்த வாரம் டிபன் பாக்ஸில் அதே கீரையைத் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியலாகக் கொண்டுவந்தார். நானும் இரண்டு வாய் சாப்பிட்டேன். உப்புதான் கொஞ்சம் தூக்கல்.