பாடம் பதினொரு மணிக்கு முடிந்துவிடும், அப்புறம்?

(திருச்சியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டில்தான் படிக்கிறார்கள். இதைச் சொன்னதும் முதலில் வருகிற கேள்வி, "எந்த சிலபஸ்?" இரண்டாவது, "சட்டம் விடுமா?" மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் என்னிடம் கேட்பதில்லை, என் கணவரிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "வீட்டில் ஏதும் பிரச்சினையா?"

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மிச்ச நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பது. என்னைக் கேட்டால் வீட்டுவழிக் கல்வியின் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் பதினோரு மணிக்குள் பாடம் முடிந்துவிடும். தமிழும் கணக்கும் தினமும் உண்டு. ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் மாறி மாறி வரும். தமிழ்நாடு அரசின் பாடநூல்களைத்தான் வைத்திருக்கிறோம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, வேண்டிய பாடத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம். வருகைப் பதிவு கிடையாது, டைரி எழுதுவது கிடையாது, பின்பெஞ்சு அமைதியாகும்வரை காத்திருப்பது கிடையாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் செய்கிற வேலையை நான் இரண்டு பேரை வைத்துக்கொண்டு செய்கிறேன். சீக்கிரம் முடிவதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அந்த இரண்டரை மணி நேரத்திலும் பாதி நேரம் நான் சொல்லித் தருவதில்லை. சின்னவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் அக்காதான் சொல்லித் தந்தாள். நூறிலிருந்து முப்பத்தேழைக் கழிக்க வேண்டும். பத்தின் இடத்தில் பூஜ்யம், அங்கே யாரிடம் கடன் வாங்குவது என்று அவன் கேட்க, இவள் முழித்து, தீக்குச்சிக் கட்டுகளை எடுத்துவந்து பிரித்துக் காட்டினாள். அன்றைக்குத்தான் அவளுக்கே அந்தக் கணக்கு சரியாகப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

இது புது முறை ஒன்றும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் பெரிய பையன்கள்தான் சின்னப் பையன்களுக்கு மணலில் எழுத்து எழுதிக் காட்டினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இந்த மணல் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி எழுத, அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. ஆக, எங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பது வெளிநாட்டு நாகரிகம் என்று சொல்கிற உறவினர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அவர்கள் சமாதானம் ஆவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, பதினோரு மணி ஆகிவிட்டது. இப்போது என்ன?

முதலில் சமையல். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததில் அவருக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. "வீட்டுலயே வச்சிருந்தா கூச்சம் எப்படித் தெளியும்?" என்பார். ஆனால் வீட்டில் நடக்கிற மிக நல்ல பாடம் அவர் நடத்துவதுதான். அவரிடம் பித்தளை அளவைகள் ஒரு தொகுதி இருக்கிறது. ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் படியில் எத்தனை ஆழாக்கு? சின்னவன் அரிசியைக் கொட்டிக் கொட்டி அளந்து எட்டு என்று கண்டுபிடித்தான். உழக்கு என்றால் கால் படி, ஆழாக்கு என்றால் அரைக்கால் படி. பின்னம் என்ற பாடத்துக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கால், அரை, அரைக்கால் எல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டன. அதற்கு மேலே எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் நெல்லை அத்தை சின்ன வயதில் பார்த்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அது வெறும் கணக்கு: 96 படி.

அங்கிருந்து பேச்சு நாலணாவுக்குப் போனது. 25 காசு நாணயம் 2011இல் செல்லாமல் போய்விட்டது. ஆனாலும் "நாலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை" என்று அத்தை இன்னும் திட்டுவார். நாலு அணா எப்படி 25 காசு ஆகும் என்று பெரியவள் கேட்டாள். ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957இல்தான் ரூபாய்க்கு நூறு காசு என்று மாறியது. எடையும் அளவும் அதையடுத்து 1958 முதல் படிப்படியாக கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறின. கடைக்காரர்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு அத்தை தன் அப்பா கடையில் நடந்த சண்டைகளை எல்லாம் சொன்னார். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. எனக்கு அன்று வருத்தமே இல்லை. சமூக அறிவியல் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

சமையலறையை அறிவியல் கூடம் என்று சொல்லிப் பெருமையடிக்கிற வழக்கம் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பெரும்பாலான நாள் அது வெறும் சமையலறைதான். ஆனாலும் இட்லி மாவுப் பாத்திரத்தின் வெளியே சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கொரு தடவை மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது நன்றாக இருக்கும். சித்திரையில் மளமளவென்று பொங்குகிற மாவு மார்கழியில் ஏன் அசையாமல் கிடக்கிறது என்று பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள், பாக்டீரியாவைப் பற்றி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஏன் சிவக்கிறது என்று ஒரு நாள் தொடங்கினோம். மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் சிவக்கும், அதிலேயே எலுமிச்சைச் சாற்றை விட்டால் பழையபடி மஞ்சளாகும். அந்த வாரம் வீட்டில் மஞ்சள் கறை படாத பொருள் இல்லை.

திங்கள் இது, செவ்வாய் அது என்று அட்டவணை கேட்கிறார்கள். எங்களிடம் அப்படி ஒன்று நிற்பதில்லை. என் கணவருக்கு ஷிப்ட் வேலை. வார விடுமுறை மாறி மாறி வரும். பிள்ளைகள் பள்ளியில் இருந்தபோது, அவருக்கு விடுமுறை என்றால் அவர்களுக்குப் பரீட்சை, அவர்களுக்கு விடுமுறை என்றால் அவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாரக்கணக்கில் சேர்ந்து சாப்பிடாமல் இருந்திருக்கிறோம். இப்போது அவருடைய விடுமுறை என்றைக்கோ அன்றைக்கு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, அது புதன்கிழமையாக இருந்தாலும். சைக்கிளைக் கழற்றி மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது, மோட்டார் பம்ப்பின் ஃபூட் வால்வைச் சுத்தம் செய்வது எல்லாம் அன்றைக்குத்தான். கொள்கை, தத்துவம் என்று பெரிதாகச் சொல்லலாம். உண்மையில் நாங்கள் இதற்குள் வந்ததற்கு முக்கியமான காரணம் இந்த ஷிப்ட்தான்.

கைவேலைக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் வேலையை இப்போது ஸ்டேஷனரிக் கடையிலேயே செய்து விற்கிறார்கள், எரிமலை ஒரு விலை, சூரியக் குடும்பம் ஒரு விலை. அம்மாக்கள் இரவு பன்னிரண்டு மணிக்குத் தெர்மாகோல் வெட்டுகிறார்கள். நானும் வெட்டியவள்தான். அதனால் வீட்டில் கைவேலை என்றால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: செய்கிற பொருளுக்கு வீட்டில் ஏதாவது உபயோகம் இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி பனை ஓலையில் கொட்டான் முடைவார். பெரியவள் மதியத்தில் அவரிடம் போய் உட்காருகிறாள். பாட்டி எதையும் விளக்கிச் சொல்வதில்லை. ஓலையை நனைத்துப் பதமாக்குவது, ஈர்க்கை உரித்து எடுப்பது, ஒரே அகலத்தில் வாருவது, இதிலேயே பல நாள் போய்விட்டது. அகலம் கொஞ்சம் பிசகினாலும் மூலை கூடாது. முதலில் முடைந்த கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. பூண்டு போட்டு வைத்திருக்கிறோம். பூண்டுக்கு அதெல்லாம் தெரியாது.

சின்னவனுக்கு ஓலையில் பொறுமை இல்லை. அவனுக்குக் கோலம். ஆண் பிள்ளை கோலம் போடலாமா என்று அத்தை முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரே புள்ளி வைத்துத் தருகிறார். சிக்குக் கோலம் ஒன்றைப் போட்டுவிட்டு, கையை எடுக்காமல் ஒரே இழையில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர முடிகிறதா, இல்லை இரண்டு மூன்று இழை வேண்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பான். எந்த எண்ணிக்கைப் புள்ளிக்கு எத்தனை இழை என்று அவனே ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். இது விளையாட்டுக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, 1970களில் தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே கோலங்களை எடுத்துக்கொண்டு, கணினிக்குப் படங்களை விதிகளாகச் சொல்லித்தருவது எப்படி என்று ஆராய்ந்தார். கோலத்தை வைத்து எழுதிய அந்தக் கட்டுரைகளைக் கணினி அறிவியலில் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். வாசலில் குனிந்து கோலம் போட்ட எத்தனையோ பெண்களுக்கு அவர்கள் விரலில் இருப்பது கணிதம் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கும் சொல்லவில்லை. கணக்கில் நான் மக்கு என்றுதான் என் பள்ளியில் சொன்னார்கள்.

உழவர் சந்தைக்கு வாரம் ஒரு முறை போவோம். விலைப் பலகையில் இருப்பது கிலோ விலை, நாங்கள் வாங்குவது முந்நூற்றைம்பது கிராம். கணக்குப் போட்டுச் சில்லறை வாங்குவது பெரியவள் பொறுப்பு. நூலகத்தைப் பற்றி இந்த அவையில் நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அதை முழுசாக வசூல் செய்கிற குடும்பம் எங்களுடையது.

இவ்வளவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கசப்பான பக்கம்.

பதினோரு மணிக்குப் பிறகு இவ்வளவும் நடக்க வேண்டும் என்றால் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். எனக்குத் தெரிந்த வீட்டுவழிக் குடும்பங்களில் வேலையை விட்டவர் பெரும்பாலும் அம்மாதான். "பிள்ளைகளுக்குச் சுதந்திரம்" என்று பேசுகிறபோது அந்தச் சுதந்திரத்துக்கு யாருடைய நாள் செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். நான் யாரையும் வாருங்கள் என்று கூப்பிட இங்கே வரவில்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் விரிந்த சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, இவற்றால் பள்ளிக்கூடம் வந்து படித்த தலைமுறைகள் இருக்கிற ஊர் இது. என் அப்பாவும் சத்துணவுக்கு முந்தைய அந்த மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்தவர்தான். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் பேசுகிற உரிமை எனக்கு இல்லை, ஆசையும் இல்லை. ஒரு சம்பளத்தில் வீடு ஓடும் என்ற வசதி இருந்ததால் எங்களால் முடிந்தது.

இன்னொன்று, பகல் பத்து மணிக்கு எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் இருக்காது. விளையாட ஆள் வருவது நாலரைக்கு மேல்தான், அதுவும் டியூஷன் இல்லாத நாளில். கூச்சம் தெளிவதைப் பற்றி அத்தை சொன்னது முழுக்கத் தப்பில்லை. அதற்காகத்தான் இரண்டு பேரையும் சிலம்பம் வகுப்பில் சேர்த்தோம்.

சட்டம் பற்றி: கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுவழிக் கல்விக்கு அதில் தனி இடமும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம். இதை மறைத்து, "எல்லாம் சட்டப்படிதான்" என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

சான்றிதழுக்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது ஆன பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயதானவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பில் சேரலாம். ஐந்து பாடம் தேற வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. பாதியில் பள்ளிக்கே திரும்ப நினைத்தாலும், 14 வயதுக்குள் இருக்கிற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது.

நான்காம் பிரிவை இவ்வளவு நுணுக்கமாகப் படித்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவள் அடுத்த வருடம் பள்ளியில் சேரட்டுமா என்று கேட்கிறாள். பள்ளிக் கபடி அணியில் ஆட வேண்டுமாம், வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அணி கட்ட முடியாது. சேர்த்துவிடலாம் என்றுதான் நானும் அவரும் நினைக்கிறோம். சின்னவன் வரமாட்டேன் என்கிறான்.

தேர்வு விண்ணப்பம் பற்றிக் கேட்க வந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் இருங்கள், இரண்டு தேர்வுகளின் அறிவிக்கை நகலும் கொண்டுவந்திருக்கிறேன். தேதியும் கட்டணமும் மாறும், அந்தந்த வருட அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி.