தேயிலை மலிஞ்சப்போதான் கடல்ல கொட்டினாங்க

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். அப்ப பிரிட்டன் ஆட்சியில இருந்த அமெரிக்க குடியேற்றக்காரங்க லண்டன் அரசாங்கத்து மேல கொதிச்சது வரிச்சுமையாலயா, அவங்கள கேக்காம வரி போட்ட அதிகாரத்தாலயா, இதுதான் இன்னைக்கு தலைப்பு. நான் அதிகாரத்தாலதான்னு அடிச்சு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் என்ன சொன்னாரு? பிரான்ஸோட பிரிட்டன் போட்ட ஏழாண்டு போர் 1763-ல முடிஞ்சுது, பிரிட்டனுக்கு கடன் கழுத்து வரைக்கும் வந்துருச்சு, அத அமெரிக்காக்காரன் தலையில கட்டினாங்க, அங்க வியாபாரமும் படுத்துக் கிடந்த நேரம், வலி தாங்காமதான் கத்தினாங்கன்னாரு. வியாபாரம் படுத்தது உண்மை, நான் மறுக்கல. ஆனா வலிதான் காரணம்னா வரி ஏறும்போது கோபம் ஏறணும், இறங்கும்போது இறங்கணும் இல்லையா? அங்க நடந்தது வேற.

1765 முத்திரை வரிய எடுத்துக்கோங்க. பத்திரம், பத்திரிகை, லைசென்ஸ், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரைக்கும் லண்டன் முத்திரை இருக்கணும்னு சட்டம். அமலுக்கு வர வேண்டியது நவம்பர் 1. ஆனா பாஸ்டன்ல முத்திரை விக்க நியமிச்ச ஆண்ட்ரூ ஆலிவரோட கொடும்பாவிய மரத்துல தொங்கவிட்டது ஆகஸ்ட் 14! ஒரு பென்னி கூட வசூல் ஆகல நடுவர் அவர்களே, அதுக்குள்ள ஊரே திரண்டு வந்துருச்சு, யாரும் இன்னும் கட்டாத வரியோட வலிய இவங்க எங்க அனுபவிச்சாங்க? அக்டோபர்ல 9 குடியேற்றங்கள் நியூயார்க்ல கூடி சொன்னது, நாங்க தேர்ந்தெடுத்த சபை மட்டும்தான் எங்களுக்கு வரி போடலாம்னு. விர்ஜீனியால 1619-லயே சட்டசபை கூடியாச்சு, தங்களுக்கு தாங்களே வரி போட்டு கட்டிப் பழகின ஜனங்க இவங்க.

உடனே எதிரணி கேக்கும், இங்கிலாந்துலயே இருக்குற மான்செஸ்டருக்கும்தான் அப்ப பார்லிமென்ட்ல ஆள் இல்ல, அவங்க கட்டலையான்னு. கட்டினாங்க. ஆனா அங்க வரி போடுற எம்.பி தானும் அதே வரிய கட்டியாகணும். அமெரிக்காவுக்கு போட்டா அவர் பையில இருந்து ஒண்ணும் போகாது, பிரிட்டனுக்குள்ள போட வேண்டிய வரி வேணா குறையும். அப்படிப்பட்டவர் கையில போய் என் பணத்த முடிவு பண்ணுற உரிமைய குடுக்கணுமா?

அந்த சட்டத்த 1766-ல வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா அதோடயே இன்னொரு சட்டம் போட்டாங்க பாருங்க, எந்த விஷயத்துலயும் உங்கள கட்டுப்படுத்த எங்களுக்கு உரிமை இருக்குன்னு. பணம் போனாலும் பரவால்ல, அதிகாரம் போகக்கூடாதுன்னு லண்டனே எழுதி வெச்சிருச்சு, இதுக்கு மேல எனக்கு சாட்சி வேணுமா?

அடுத்து 1767-ல கண்ணாடி, ஈயம், பெயிண்ட், பேப்பர், தேயிலைக்கு சுங்கம். எதிரணி எவ்வளவுன்னு மட்டும் பாக்குறாங்க, அந்தப் பணம் எங்க போகுதுன்னு பாக்கல. கவர்னருக்கும் நீதிபதிக்கும் அதுலருந்து சம்பளம் குடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அதுவரைக்கும் பாஸ்டன் இருக்குற மாசசூசெட்ஸ்ல கவர்னருக்கு சம்பளம் குடுத்தது அவங்க சட்டசபை, கவர்னர் அத்துமீறினா சபை சம்பளத்துல கைய வெக்கலாம், ஜனங்க கையில இருந்த ஒரே பிடி அதுதான். அத அவங்க வரிப்பணத்த வெச்சே அறுக்குறாங்க! 1772-ல நீதிபதிங்க சம்பளமும் லண்டன் கைக்குப் போகுதுன்னு தெரிஞ்சப்போதான் பாஸ்டன்காரங்க கமிட்டி போட்டு ஊர் ஊரா கடிதம் எழுத ஆரம்பிச்சாங்க. எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்ப முக்கியமான இடம் இதுதான், ஆனா எல்லாரும் தாண்டி தேயிலைக்கு ஓடிருவாங்க.

சரி, தேயிலைக்கே வரேன். வங்காளத்த ஆண்டுட்டு இருந்த, நம்ம மெட்ராஸ்ல கோட்டை கட்டி உக்காந்திருந்த அதே கிழக்கிந்திய கம்பெனி கடன்ல முழுகப் போகுது, குடோன்ல தேயிலை குவிஞ்சு கிடக்கு. அத காப்பாத்த 1773-ல ஒரு சட்டம், கம்பெனியே நேரா அமெரிக்காவுல விக்கலாம்னு. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரிய சேத்தாலும் கடத்தல் தேயிலைய விட மலிவு. வரிச்சுமைதான் பிரச்சனைன்னா வாங்கி குடிச்சிட்டு போயிருக்கணும்ல? டிசம்பர் 16 ராத்திரி 342 பெட்டிய பாஸ்டன் துறைமுகத்துல உடைச்சு கொட்டினாங்க. கடத்தல் வியாபாரிங்க லாபம் போகுதேன்னுதான் தூண்டிவிட்டாங்கன்னு எதிரணி சொல்லலாம், சில வியாபாரிங்களுக்கு அந்த கணக்கும் இருந்துச்சு. ஆனா அடுத்த வருஷம் வட கரோலினால ஈடன்டன்ங்கற சின்ன ஊர்ல 51 பெண்கள் பிரிட்டிஷ் சரக்க புறக்கணிக்கிற தீர்மானத்துக்கு ஆதரவா பேர் போட்டு கையெழுத்து வெச்சாங்களே, அவங்க எந்த கப்பல்ல கடத்தினாங்க? நம்ம வீட்டு உண்டியல்ல ஒருத்தன் கைய விட்டா எத்தன ரூபா எடுத்தான்னா முதல்ல கேப்போம், கைய விட நீ யாருன்னுதான கேப்போம்!

கடைசியா ஒண்ணு. குடியேற்றக்காரங்களுக்கும் பிரிட்டனுக்கும் சண்டை மூண்டு மூணு வருஷம் ஆனப்புறம், 1778-ல, குடியேற்றங்கள்ல வருமானத்துக்காக இனி நாங்க வரி போடமாட்டோம்னு பார்லிமென்டே சட்டம் போட்டு, சமாதானம் பேச கடல் தாண்டி ஆள் அனுப்புச்சு. வரிதான் காரணம்னா அன்னைக்கே துப்பாக்கிய கீழ வெச்சிருக்கணும். சுதந்திரத்த ஒத்துக்கோ, இல்லன்னா படைய திருப்பிக் கூட்டிட்டு போ, அப்புறம் பேசலாம்னு அமெரிக்காக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. இதுக்கு எதிரணி என்ன பதில் வெச்சிருக்காங்கன்னு அடுத்து பேச வர்றவங்க சொல்லட்டும். நன்றி, வணக்கம்.