வேரோடு குணமாகும் என்ற சுவரொட்டி

[காட்சி: தருமபுரி – பென்னாகரம் சாலையில் ஒரு பேருந்து நிழற்குடை]

வணக்கம். "சர்க்கரை நோய் ஒரு மண்டலத்தில் வேரோடு குணமாகும், இனி மாத்திரை வேண்டாம்" என்று மஞ்சள் தாளில் அச்சிட்ட சுவரொட்டி ஒன்று இந்த நிழற்குடையில் ஒட்டப்பட்டிருந்தது. அதை நம்பிய என் பெரியம்மா, கடன் வாங்கி அந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டார். அவர் வீட்டுக்கே வந்து சுகாதாரப் பணியாளர் கொடுத்த மாத்திரை அட்டைகள் ரப்பர் வளையம் போட்டபடி, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததை, செருப்புக் கடித்த புண் ஆறாமல் கால்விரல் கருத்த பிறகுதான் நாங்கள் கண்டோம்.

அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாசலுக்கே இலவசமாக வரும் மாத்திரையை ஒரு பொடி தோற்கடிக்கிறது என்றால், அது விளம்பரத்தின் வலிமை.

[காட்சி: சட்ட நூலின் பக்கங்கள்]

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக மக்களிடம் மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. தாயத்தும் மந்திரமும்கூட அதற்குள் அடங்கும். ஆனால் தண்டனையோ முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை. விளம்பரம் என்பதற்கு அச்சுத்தாள், மருந்து உறை, வாய்மொழி, ஒளி, ஒலி, புகை என்றெல்லாம் விளக்கம் சொல்லும் அச்சட்டத்தில் இணையம் என்ற சொல்லே கிடையாது.

இணையத்தையும் சேர்த்து, பட்டியலை 78 ஆக உயர்த்தி, முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட திருத்தம் வரைவாகவே நின்றுவிட்டது. சித்த, ஆயுர்வேத மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்ட, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் 170-ஆவது விதியையும் 2024 ஜூலையில் அரசே நீக்கியது. காவலே இல்லாத இடத்தில் வேலியையும் பிரித்தது போன்ற இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த விதி திரும்ப வேண்டும். அந்த வரைவு சட்டமாக வேண்டும்.

[காட்சி: மீண்டும் நிழற்குடை]

அந்த மஞ்சள் தாளின்மேல் இப்போது ஒரு திருமண வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டப்பட்டுவிட்டதால், புகார் கொடுக்க எங்களிடம் சான்று இல்லை. நீங்கள் இப்படியொன்றைக் கண்டால் உடனே படம் எடுத்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் தெரிவிக்கலாம். படத்தில் நோயின் பெயரும், தொடர்பு எண்ணும், ஒட்டப்பட்ட இடமும் தெளிவாகத் தெரிய வேண்டும்.