கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

(பள்ளிப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பி.டி. வாத்தியார் மைக்கைப் பிடித்ததும் எழுந்து நிற்கச் சொல்வாரோ என்று பயப்பட வேண்டாம். உட்கார்ந்தே கேளுங்கள்.

போன மாதம் ஓர் அம்மா ஆறாம் வகுப்பு படிக்கும் மகனை வீட்டுக்குக் கூட்டி வந்தார். "சார், இவன் கழுத்தைப் பாருங்க, எவ்வளவு தேய்ச்சாலும் கறுப்பு போகமாட்டேங்குது" என்றார். கடலை மாவு போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் போட்டாயிற்று, கடைசியாகப் பீர்க்கங்கூடு. பையனின் பின்கழுத்து தோல் உரிந்து சிவந்திருந்தது. அது அழுக்கு இல்லை. எடை கூடி, உடம்பில் சுரக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனால், பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் துணி மாதிரி கறுக்கும். தேய்த்தால் புண்தான் மிச்சம்.

குழந்தை டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார். பட்டினி போடச் சொல்லவில்லை. "வளர்கிற பிள்ளை. இப்போதைக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வந்து ஈடு கட்டிவிடும்" என்றாராம். நாமோ பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு, ராத்திரி சோற்றை நிறுத்திவிடுகிறோம். அவன் ஒளிந்து தின்னப் பழகுகிறான்.

'பூசினாப்ல இருக்கான்' என்பது நம் ஊரில் பாராட்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பசி தெரிந்த ஊர் இது. பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டுமென்று 1956-ல் காமராஜர் மதிய உணவு போட்டார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் என் அம்மா முதலில் கேட்பது, "ஏன்டா இளைச்சுட்டே?" அது பஞ்சத்தைப் பார்த்த வாய். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க 5 முதல் 19 வயதுக்காரர்களில் 1990-ல் நூற்றுக்கு 8 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2022-ல் 20 பேர். வாய் மட்டும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, அடுப்படிக்கு வருவோம். காபியில் ஐந்து ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா? 250 மில்லி கோலா பாட்டிலில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது, 26 கிராம். பாலில் கலக்கும் சாக்லேட் பவுடரையும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியது. வீட்டில் ஒருவனுக்கு மட்டும் சுண்டல், அக்காவுக்கு சிப்ஸ் என்றால் அது தண்டனை. வாங்குவதை நிறுத்தினால் எல்லோருக்கும் நிறுத்துங்கள். தாத்தாவுக்கும்தான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கனமான பையன்களைப் பல வருஷம் கோல் கீப்பராகவே நிறுத்தினேன். ஓடினால் மூச்சு வாங்குவான், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற நினைப்பு. ஓட வேண்டியவனை நிற்க வைத்தவன் நான். 'குண்டா' என்று கூப்பிட்டதைக் கண்டிக்கவும் இல்லை. அப்படிக் கூப்பிடப்பட்டவன் மறுநாள் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவான். அப்புறம் அந்த பி.டி. பீரியடும் நிலைத்ததா? டிசம்பர் வந்தால் கணக்கு வாத்தியார் "ஒரே ஒரு பீரியட் சார்" என்று வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததே இல்லை. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியடில் எங்கே போக?

இன்னொன்று. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. நம் கேட்டிலிருந்து எதிர்க் கடைக்கு நானே நடந்து எண்ணினேன், பதினாறு எட்டு வைத்தால் கடை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் நம் பழைய மாணவர். வேர்க்கடலையும் கொய்யாவும் வாங்க ஆள் இருந்தால் வைக்கிறேன் என்கிறார். அந்த ஆள் நாம்தான்.

தலைமை ஆசிரியரிடம் மைதானத்துச் சாவி கேட்டிருக்கிறேன். சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பேன். விசில் என்னிடம் இருக்கிறது. இந்தத் தடவை கோல் போஸ்டில் நான் நிற்கிறேன்.