தேக்காவுக்குக் காலையில் போங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் போய்வந்தவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போனீர்களா என்பதுதான். "போனோமே, பிரியாணி சாப்பிட்டோம்" என்பார்கள். நல்லது, ஆனால் சாப்பிட்ட மேசையிலிருந்து எழுந்து கொஞ்சம் உள்ளே நடந்திருந்தால் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச் சந்தை வந்திருக்கும். அதைப் பார்க்காமல் வந்தால் பாதி தேக்காதான்.

பழைய சந்தை 1915இல் கட்டியது. மலாய்க்காரர்கள் 'கண்டாங் கெர்பாவ்' என்றார்கள், எருமைத் தொழுவம் என்று அர்த்தம். அந்த வட்டாரம் முழுக்க அப்போது மாட்டு வியாபாரம். சந்தையை ஒட்டிய தெரு இன்றைக்கும் பஃப்ளோ ரோடுதான், பக்கத்தில் இருக்கும் கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு 'கே'யும் இந்தத் தொழுவத்திலிருந்து வந்தவைதான். சீனர்கள் தங்கள் ஹொக்கியன் பேச்சுமொழியில் 'தெக் கியா கா' என்றார்கள். மூங்கிலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எல்லோர் வாயிலும் புழங்கித் தேக்கா ஆனது.

1982இல் சந்தை சாலைக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது, பழையதை இடித்துவிட்டார்கள். புதுசுக்கு வைத்த பெயர் 'சூஜியாவ்'. அதே மூங்கிலடிதான், பொதுச் சீனமொழியான மாண்டரின் உச்சரிப்பில். ஆனால் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அது வாயில் நுழையவில்லை, ஹொக்கியன் பேசும் பாட்டிகளுக்கும் ஒட்டவில்லை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சனங்கள் பாட்டுக்குத் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் 2000இல் பலகைதான் மாறியது. பதினெட்டு வருஷம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது உள்ளே போனால் தெரியும். ஆட்டிறைச்சிக் கடையில் குழம்புக்கா, பிரட்டலுக்கா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். மீன் கடையில் சீனக் கடைக்காரர் "அக்கா, என்ன வேணும்?" என்பார், நம் அக்கா பதிலுக்கு மலாயில் "பெராப்பா?" என்று விலை கேட்பார், இரண்டு பேருக்கும் அது பெரிய விஷயமே இல்லை. வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஒரு பக்கம் குவிந்திருக்கும், அந்த வாசனையில் நான் எத்தனையோ தடவை வாங்க வந்ததை மறந்து நின்றிருக்கிறேன்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று. ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பை எடுத்துக்கொள்ளுங்கள், தரை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு போடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், நிறைய கடைகள் மூடியிருக்கும். பிரியாணியை அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம்.