மூடிய கதவுக்கு முன்னால் ஒரு கமரா

[காட்சி: விடிகாலை. திருக்கடலூர்க் கரை. வலை இழுப்பவர்களின் குரல் மட்டும். இசை இல்லை.]

குரல்:
திருகோணமலையில் ஓர் ஒழுங்கை. எந்த ஒழுங்கை என்று சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு வளவில், கடல் ஒதுக்கிய றப்பர்ச் செருப்புகளை வெட்டி வெட்டி ஒரு முதியவர் வீடுகள் செய்கிறார். தீப்பெட்டி அளவு வீடுகள். கூரைக்கு அறுந்த வலை நூல், வாசற்படிக்கு ஐஸ்பழக் குச்சி. வீடுகளுக்கு நடுவே கிணறு, வேலி, ஒரு கோயில் முகப்பு. விற்பதற்காகச் செய்யவில்லை. யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதுமில்லை. சென்ற மாரியில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் நான் கண்டேன். கண்டவுடன் என் கை கமராப் பைக்குள் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். கதவு நிலையில் தொங்கிய சாக்கை இழுத்து மூடினார். "மழை விட்டதும் போம், தம்பி" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒளிந்து வாழ்ந்து படைத்தவர்களைப் பற்றிய ஆவணப்படங்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். அந்தக் கதவை அவர்கள் எப்படித் திறந்தார்கள்? யாரைக் கேட்டுத் திறந்தார்கள்?

[காட்சி: கறுப்புத் திரை. தட்டச்சு இயந்திரத்தின் ஓசை.]

குரல்:
முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். கலைப்பள்ளியின் வாசனையே படாதவர்கள், மனநோய் விடுதிகளிலும் சிறைகளிலும் தனியறைகளிலும் இருந்து படைத்தவற்றை, பிரெஞ்சு ஓவியர் ஜான் துய்புஃபே 1945இல் 'ஆர்ட் புருட்' என்று அழைத்தார். பச்சைக் கலை, அதாவது பதப்படுத்தாத கலை என்று சொல்லலாம். 1972இல் பிரித்தானிய ஆய்வாளர் ரோஜர் கார்டினல் அதற்கு ஆங்கிலத்தில் 'அவுட்சைடர் ஆர்ட்' என்று பெயரிட்டார். வெளியாள் கலை. அந்தச் சொல் எனக்கு உவப்பில்லை. தன் வீட்டுக்குள் இருப்பவரை வெளியாள் என்கிறோம். வேலியைப் போட்டது நாம்தானே.

சிக்காகோவில் ஹென்றி டார்கர் என்றொருவர் இருந்தார். 1892இல் பிறந்தவர். வைத்தியசாலைகளில் கூட்டித் துடைப்பது அவர் தொழில். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே வாடகை அறையில் வாழ்ந்தார். முதுமையில் முதியோர் இல்லம் போனபோது அறையை வெறுமையாக்கப் போன வீட்டுக்காரருக்கு மூச்சு நின்றிருக்கும்: 15,000 பக்கங்களுக்கு மேல் தட்டச்சிட்ட ஒரே கதை; அதற்கென வரைந்த நூற்றுக்கணக்கான ஓவியங்கள்; சில மூன்று மீற்றருக்கும் நீளமானவை, தாளின் இரு பக்கமும் வரையப்பட்டவை. அவருக்கு உருவம் வரைவதில் நம்பிக்கை இல்லை. பத்திரிகைகளிலும் சித்திரக்கதைகளிலும் வந்த சிறுமிகளின் படங்களை மேலே தாள் வைத்துப் பிரதிசெய்தார். சிலவற்றைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார். 1973இல் இறந்தார். வீட்டுக்காரர் நேதன் லேர்னர் தாமே ஒரு புகைப்படக் கலைஞராக இருந்ததால்தான் அவையெல்லாம் குப்பைக்குப் போகாமல் தப்பின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

2004இல் ஜெசிக்கா யூ அவரைப் பற்றிப் படம் எடுத்தார். டார்கரின் புகைப்படங்களாகத் தெரியவந்தவை மூன்றே மூன்று. ஆவணப்படத்தில் காட்ட முகமே இல்லை! யூ ஓவியங்களை அசைய வைத்தார். கதை சொல்ல ஒரு சிறுமியின் குரலை வைத்தார். பேசுபவர்கள் அவரை மாடிப்படியில் கண்ட அயலவர்கள். அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அந்த முரணை வெட்டாமல் படத்தில் வைத்திருப்பதற்காகவே யூவைக் கும்பிடலாம். ஒருவரை நமக்குத் தெரியாது என்பதைக் காட்டவும் ஒரு துணிவு வேண்டும்.

ஆனால் விவியன் மேயரைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்க்கும்போது என் மனம் சஞ்சலப்படுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தவர். பெரும்பாலும் ஒருவருக்கும் காட்டாதவர். அவருடைய நெகட்டிவ்கள் 2007இல் சிக்காகோ ஏலத்தில் விலைபோயின. வாங்கியவர்களில் ஒருவரான ஜோன் மலூஃப், பிறகு அவரைத் தேடும் படத்தை இணைந்து இயக்கினார். மேயர் 2009இலேயே இறந்துவிட்டார். தன் அறைக்குப் பூட்டுக் கேட்டவர் அவர் என்று வேலை கொடுத்த வீட்டார் அதே படத்தில் சொல்கிறார்கள். பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே உள்ளே போகிறது கமரா. அந்தப் புகைப்படங்கள் இல்லாத உலகத்தை நான் விரும்பமாட்டேன். ஆனாலும் பொருளை வாங்கியவரே கதையையும் சொல்லும்போது, கேள்வி கேட்க யார் மிஞ்சுகிறார்கள்?

[காட்சி: சுவாமி மலையின் உச்சி. கோட்டைக்குள் மேயும் மான்கள். கீழே கடல்.]

குரல்:
இனி நம் ஊருக்கு வருவோம். திருகோணமலைக்காரர் ஒருவரைப் படம் எடுத்தால் பார்ப்பவர்கள் முதலில் காயத்தைத்தான் தேடுவார்கள். 1990 போரில் ஓடினாரா? சுனாமியில் யாரை இழந்தார்? செருப்பு வீடுகளைக் கண்டவுடன் என் மனமும் அங்கேதான் பாய்ந்தது. விட்டு வந்த கிராமம், அழிந்த வீடு, உருக்கமான வயலின். படம் தலைக்குள் முடிந்தே போய்விட்டது. அவர் வாய் திறக்குமுன்பே!

காயத்தைப் பேசக்கூடாதென்று நான் சொல்லவில்லை. 2010இல் வந்த 'மார்வென்கோல்' படத்தில் மார்க் ஹோகன்காம்ப் அதைத் தாமே பேசுகிறார். மதுக்கடைக்கு வெளியே ஐவர் அடித்ததில் நினைவை இழந்தவர், வீட்டு முற்றத்தில் பொம்மைகளைக் கொண்டு இரண்டாம் உலகப்போர்க் கால நகரம் ஒன்றைக் கட்டினார். எதற்கு என்று அவரே சொல்கிறார். சொல்வதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கிறது.

நேக் சந்த் என்பவரையும் சொல்ல வேண்டும். இந்திய-பாகிஸ்தான் பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர். சண்டிகரில் வீதி மேற்பார்வையாளர். 1950களின் இறுதியிலிருந்து அரசாங்கக் காட்டுக்குள் இரகசியமாக, உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சைக்கிளில் சுமந்து சென்று ஓர் உலகம் செய்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். மக்கள் பக்கம் நின்றதால் 1976இல் பூங்காவாகத் திறந்தார்கள். அவருடைய மௌனத்தை முடித்துவைத்தது பிரிவினையைப் பற்றிய கேள்வி அல்ல; அந்த வளையல் துண்டுகளே.

ஆகவே படம் எடுக்கப் புறப்படும் தம்பி தங்கைகளே, கையைப் பாருங்கள். கத்தி எந்தப் பக்கம் சாய்கிறது, ஒட்டுப் பசை காயும்வரை விரல் எவ்வளவு நேரம் அழுத்துகிறது என்று பாருங்கள். அறையின் ஓசையைத் தனியாகப் பதிவுசெய்யுங்கள். சம்மதத்தை ஒருமுறை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எடுக்குமுன் கேளுங்கள், வெட்டித் தொகுத்தபின் அவருக்கே போட்டுக் காட்டுங்கள், இணையத்தில் ஏற்றுமுன் மறுபடியும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிள்ளைகள் சம்மதித்துவிட்டார்கள் என்பது அவருடைய சம்மதம் ஆகாது.

[காட்சி: உப்புவெளிக் கரை. நடக்கும் கால்கள்.]

குரல்:
நான் இதுவரை ஐந்து தடவை போய்விட்டேன், கமரா இல்லாமல். மூன்றாம் தடவை தேநீர் கிடைத்தது. நான்காம் தடவை சாக்கு திறந்தே இருந்தது. போன கிழமை, கிணற்றுக்குத் தண்ணீர் செய்ய நிறம் போதவில்லை என்றார். நீலச் செருப்பு கண்டால் எடுத்து வாரும், வெயிலில் வெளுத்தது வேண்டாம் என்றார்.

இன்று காலை உப்புவெளியிலிருந்து வடக்கே நெடுந்தூரம் நடந்தேன். பச்சை கிடைத்தது. சிவப்புக் கிடைத்தது. சாம்பல்தீவுப் பக்கம் மணலில் பாதி புதைந்து, இடக்கால் செருப்பு ஒன்று.

[காட்சி: மணலைத் தட்டும் கை. அடர்ந்த நீலம். அலையின் ஓசையோடு திரை இருள்கிறது.]