டொமினிக்கா அருவிகள்: குளிக்க இறங்கும் முன் மலையைப் பாருங்கள்

[காட்சி: ரோசோ துறைமுகம். பின்னால் மேகம் மூடிய மலைகள்.]

வணக்கம். காலையில் சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்குகிறீர்கள், மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்தில் மழைக்காட்டு அருவிகளைப் பார்க்க கரீபியனில் நான் சொல்லும் முதல் இடம் டொமினிக்கா. டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, தேடும்போது கவனம்.

[காட்சி: தீவின் வரைபடம். கிழக்கிலிருந்து காற்று அம்புகள்.]

இந்தச் சின்னத் தீவில் இவ்வளவு தண்ணீர் எப்படி? அட்லாண்டிக்கிலிருந்து வீசும் காற்று ஈரத்தோடு வருகிறது. தீவின் நடுவே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த எரிமலைகள் மறிக்கின்றன. காற்று மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மேற்குக் கரையில் இருக்கும் தலைநகர் ரோசோவுக்கு மிச்சம்மீதிதான். அதனால் ஊரில் வெயில் கொளுத்தும்போதே மலையில் அடைமழை பெய்துகொண்டிருக்கலாம். இதை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் இதற்கே திரும்ப வருவோம்.

[காட்சி: டிரஃபால்கர் அருவிகள், பார்வை மேடையிலிருந்து.]

ரோசோவிலிருந்து டாக்ஸியில் அரை மணி நேரத்துக்குள் டிரஃபால்கர். அருகருகே இரண்டு அருவிகள். உயரமானது, சுமார் 38 மீட்டர், அப்பா. குட்டையானது அம்மா. ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள். பார்வை மேடைக்குக் காட்டுப் பாதையில் பத்துப் பதினைந்து நிமிட நடை, பெரியவர்களும் மெதுவாகப் போய்விடலாம்.

[காட்சி: பாறை இடுக்கு, மிக அருகில்.]

இந்தப் பாறையைப் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு மாதிரி ஆரஞ்சு நிறம். உள்ளே எரிமலைச் சூட்டில் காய்ந்த வெந்நீர், இரும்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு இங்கே கசிகிறது. ஒரு கையை ஊற்றிலும் மறு கையை ஆற்றிலும் வைத்தால் ஒன்று இதமாகச் சுடும், மற்றது விறைக்கும். ஆனால் இதைத் தொட வீடளவு பாறைகள் மேல் ஏறி வர வேண்டும். பாசி வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், வழிகாட்டி இல்லாமல் இறங்கவும் வேண்டாம்.

2017 செப்டம்பர் 18 அன்று மரியா புயல் தாக்கியபோது இந்த மலைகளில் இலையே மிஞ்சவில்லை. இன்று சுற்றிலும் இவ்வளவு பச்சையைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

[காட்சி: டிட்டூ பள்ளத்தாக்கு, குறுகிய பாறைச் சுவர்கள்.]

அப்புறம், இன்னும் மேலே லௌடா கிராமத்தின் பக்கத்தில் டிட்டூ. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே குளிர்ந்த நீரில் நீந்திப் போனால் கடைசியில் ஓர் அருவி. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். மழை விஷயம் உயிர் விஷயமாவது இங்கேதான். மேலே என்ன நடக்கிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், போட்டோவை விட்டுவிட்டு உடனே வெளியேறுங்கள். "இன்று வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால் வாதாடாதீர்கள்.

[காட்சி: எமரால்டு குளம்.]

அருவி விழும் இந்த எமரால்டு குளம் அழகு, நடையும் எளிது. ஆனால் அது வேறு திசையில் இருக்கிறது, கப்பல் வரும் நாளில் கூட்டமும் சேரும். குழந்தைகளோடு வந்தால் அதை மட்டும் பாருங்கள். மற்றவர்களுக்கு ஒரே திசையில் உள்ள டிரஃபால்கரும் டிட்டூவும் போதும். மிடில்ஹாம் அருவிக்கு நீண்ட மலையேற்றம். அதை இரவு தங்குபவர்களுக்கு விட்டுவிடுங்கள்.